புல்லூர்: ஒரு ஜமீன் விளிம்பு மாநில எல்லையான வரலாறு

மழைக்காலம் தொடங்கினால் வேலூர், திருப்பத்தூர் மாவட்டச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிகிறது, பாலாற்றில் தண்ணீர் வருகிறது. மழை பொய்த்த ஆண்டில் அதே பெயர் வேறு விதமாக வரும்: ஆந்திரா தடுப்பணையை உயர்த்திவிட்டது, வாணியம்பாடி விவசாயிகள் போராட்டம். இரண்டையும் படிப்பவர்களுக்கு இயல்பாகவே சில கேள்விகள் எழுகின்றன. நம் ஊர் எல்லையில் இருக்கும் அணை எப்படி ஆந்திராவுக்குச் சொந்தமானது? பாலாற்றில் அணை கட்டக்கூடாது என்று 1892-இலேயே ஒப்பந்தம் இருக்கிறதே, பிறகு எப்படிக் கட்டினார்கள்? 7 அடி உயர்த்தினால் அப்படி என்ன குறைந்துவிடும்?

இவற்றுக்குப் பதில் தேட வேண்டுமானால் அணை கட்டிய நாளிலிருந்து தொடங்கிப் பயனில்லை. அந்த இடத்தில் எல்லைக்கோடு எப்படி வந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடம் எப்படிப்பட்டது

வாணியம்பாடிக்கு மேற்கே, மலைக்குன்றுகளுக்கு நடுவே, பாலாறு ஆந்திராவின் குப்பம் பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் முனையில் இருப்பது புல்லூர். பெரிய ஊர் இல்லை. ஆறு, அதை ஒட்டிய குன்று, குன்றில் கனகநாச்சியம்மன் கோயில், கீழே தடுப்பணை. வெளியூர்க்காரர்கள் ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதே இந்த அணையால்தான்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து சுமார் 93 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆந்திராவில் சுமார் 33 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. ஆக மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆந்திராவில் இல்லை. ஆனால் அந்தச் சிறு துண்டுதான் நமக்கு நேர் மேலே இருக்கிறது. புல்லூர் அந்தத் துண்டின் கடைசி வாசல்.

மக்களைப் பார்த்தால் எங்கே ஒரு மாநிலம் முடிகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். குப்பம் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. திராவிட மொழிகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை 1997-இல் குப்பத்தில் அமைத்ததும் அதனால்தான். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பச்சூர் வரை தமிழ்நாடு, அடுத்து மல்லானூர் வந்தால் ஆந்திரா. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் இந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

1911-க்கு முன்: இரண்டு மாவட்டங்களின் ஓரம்

இந்த எல்லை 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோடு அதைவிடப் பழையது. அன்றைக்கு அது மாநிலக் கோடு இல்லை, அவ்வளவுதான்.

1801-இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அப்போது உருவான வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் வேலூர் இல்லை, சித்தூர். இன்றைய சித்தூர், பலமநேர், சந்திரகிரி, திருத்தணி எல்லாம் வட ஆர்க்காட்டுக்குள்தான் இருந்தன. மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் கங்குந்தி ஜமீன் இருந்தது. அதன் தலைமையிடம் குப்பம்.

ஜமீன் என்பது அரசுக்கு ஆண்டுதோறும் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு, குடிகளிடம் வரியைத் தானே வசூலித்துக்கொள்ளும் உரிமை பெற்ற சீமை. அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கிய இடம் ரயத்துவாரிப் பகுதி. இந்த வேறுபாடு நம் விஷயத்துக்கு மிக முக்கியம். ரயத்துவாரிப் பகுதியில் ஒவ்வொரு புலத்துக்கும் அளவை எண், கல், வரைபடம் உண்டு. வரி அந்தக் கணக்கில்தான் வசூலாகும். ஜமீனில் அரசுக்கு மொத்தத் தொகை வந்தால் போதும் என்பதால், பல இடங்களில் புலம் புலமாக விரிவான அளவை நடந்தது வெகு காலம் கழித்துத்தான். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வேலை வேகம் எடுத்தது.

சரி, அப்போது வாணியம்பாடி எங்கே இருந்தது? வட ஆர்க்காட்டில் இல்லை. சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. அதாவது 19-ஆம் நூற்றாண்டில் பாலாறு கங்குந்தி ஜமீனைக் கடந்து வாணியம்பாடிப் பக்கம் வந்தபோது, வட ஆர்க்காட்டிலிருந்து சேலத்துக்குள் நுழைந்தது. பிறகு ஆம்பூர் அருகே மறுபடி வட ஆர்க்காட்டுக்குள் வந்தது. எல்லாமே ஒரே சென்னை மாகாணம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கலெக்டர்கள் வேறு, அரசு ஒன்று.

1911-இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன:

1. வட ஆர்க்காட்டின் வடபகுதியையும், கடப்பா மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துப் புதிய சித்தூர் மாவட்டம் அமைந்தது. குப்பம் அதற்குள் போனது. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது.

2. சேலத்திலிருந்து திருப்பத்தூர் தாலுகா பிரிந்து வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. வாணியம்பாடியும் கூடவே வந்தது.

குப்பம் வெளியே போனது, வாணியம்பாடி உள்ளே வந்தது. நிர்வாக வசதிக்காகச் செய்த மாற்றம் இது. பாலாற்றுத் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி அப்போது எழவே இல்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் இரு மாவட்டங்களுக்கும் ஒரே அரசு, ஒரே பொதுப்பணித்துறை.

1953 முதல் 1960 வரை: மொழி பார்த்துப் போட்ட கோடு

தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்த பிறகு, 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற பெரும் சண்டையில் நகரம் நமக்கு நின்றது. சித்தூர் மாவட்டம் முழுதாக ஆந்திராவுக்குப் போனது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணியும் அதோடு போனது.

இதை எதிர்த்து எழுந்ததுதான் வடக்கெல்லைப் போராட்டம். ம.பொ.சிவஞானமும், அரக்கோணம் அருகே குருவராயப்பேட்டையில் தமிழ்ப் பணி செய்துவந்த மங்கலங்கிழாரும் அதன் முன்னணியில் நின்றார்கள். இரு மாநிலங்களும் பேசி, எச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றுக்கொண்டன. அவருடைய முடிவின்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. குப்பம் ஆந்திராவிலேயே இருந்தது.

படாஸ்கர் வகுத்த அளவுகோல் பின்னாளில் மற்ற மாநில எல்லைத் தகராறுகளிலும் மேற்கோள் காட்டப்பட்டது. கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்க்க வேண்டும். சேர்க்கும் மாநிலத்தோடு அது நிலத்தொடர்ச்சியாக இருக்க வேண்டும். திருத்தணியைப் பொறுத்தவரை இது நியாயமான முறை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் ஆற்றுக்குக் கிராமம் அலகாக முடியாது. ஆற்றுக்கு அலகு அதன் வடிநிலம், அதாவது மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் சேரும் நிலப்பரப்பு முழுவதும். எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் என்ன பேசுகிறார்கள் என்ற கணக்கு, மேல் கிராமத்துத் தண்ணீரில் கீழ் கிராமத்துக்கு எவ்வளவு என்பதைச் சொல்லாது. புல்லூர்ப் பக்கம் பழைய ஜமீன் ஓரம் மாவட்ட ஓரமாகி, பிறகு மாநில ஓரமாகிவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டி வரும் தண்ணீரைப் பற்றிப் பேசும் தனி உடன்பாடு எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை.

குன்றின் மேல் இருக்கும் அம்மன் கோயில் எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று எழுந்த தகராறும் இந்த மண்ணில்தான் முளைத்தது. ஒரு பக்கத்தில் ரயத்துவாரி அளவை, மறு பக்கத்தில் பழைய ஜமீன். இப்படிப்பட்ட ஓரங்களில் குன்று, புறம்போக்கு, ஆற்றுப்படுகை போன்ற வரி வராத நிலங்கள்தான் முதலில் தகராறுக்கு வரும். இதைத் தீர்க்க இரு மாநில நில அளவைத் துறைகளும் சேர்ந்து நின்று கல் நட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் மறு பக்கம் ஏற்காது.

1892 ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

செய்திகளில் மிகவும் குழப்பும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1892 பிப்ரவரி 18-இல் மைசூர் அரசும் சென்னை மாகாண அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன் பட்டியலில் 15 ஆறுகள் உண்டு. காவிரி, தென்பெண்ணை, பாலாறு எல்லாம் அதில் அடக்கம். அதன் சாரம் இரண்டு பகுதி:

1. பட்டியலில் உள்ள ஆறுகளில், சென்னை அரசின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக்கூடாது.

2. சென்னை அரசும் நினைத்தபடி மறுக்க முடியாது. தன் பகுதியில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் அனுபோக உரிமையைக் காக்க வேண்டியிருந்தால் மட்டுமே சம்மதம் மறுக்கலாம்.

இரண்டாவது பகுதியை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 'எங்கள் ஏரிகளும் கால்வாய்களும் இந்தத் தண்ணீரை இத்தனை காலமாகப் பயன்படுத்துகின்றன' என்று காட்டினால்தான் ஒப்பந்தம் நமக்குக் கைகொடுக்கும். பாலாற்றைப் பொறுத்தவரை அதைக் காட்டுவது கடினமில்லை. வாலாஜா அருகே 1850-களில் கட்டிய அணைக்கட்டும், அதிலிருந்து தண்ணீர் பெறும் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளும் ஒப்பந்தத்துக்கு முந்தியவை. அந்த இரண்டு ஏரிகளும் பல்லவர் காலத்தவை.

இனி சிக்கல் என்னவென்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவர் மைசூர். பாதுகாப்புப் பெற்றவர் சென்னை மாகாணம். குப்பம் அப்போது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. அதாவது குப்பமும் பாதுகாக்கப்பட்ட பக்கத்தில்தான் நின்றது. குப்பத்தில் அணை கட்டினால் வாணியம்பாடிக்கு என்ன ஆகும் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை, ஏனென்றால் இரண்டு ஊருக்கும் ஒரே அரசு பொறுப்பு.

1953-இல் அந்தச் சென்னை மாகாணமே பிரிந்தது. ஒப்பந்தத்தின் வாரிசு தமிழ்நாடு மட்டுமா, ஆந்திராவுமா? ஆந்திரா வாரிசு என்றால் உரிமை மட்டும் வருமா, கடமையும் வருமா? தமிழ்நாட்டின் நிலை தெளிவானது: பாலாறு பட்டியலில் உள்ள ஆறு, கீழ்மடை மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் மேலே எந்த மாநிலமும் தடுக்கக்கூடாது. ஆந்திரா சொல்வது வேறு: குப்பம் வறட்சிப் பகுதி, தன் எல்லைக்குள் குடிநீருக்கும் நிலத்தடி நீருக்கும் ஓடும் தண்ணீரைப் பயன்படுத்த உரிமை உண்டு. குப்பம் வறட்சிப் பகுதி என்பது உண்மை. அதற்காகக் கீழே இருப்பவர்களைக் கேட்காமல் கட்டலாம் என்பதை ஏற்க முடியாது.

5 அடி, 12 அடி: அந்த 7 அடியில் என்ன இருக்கிறது?

தடுப்பணை என்பது மதகு வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் பெரிய அணை அல்ல. ஆற்றின் குறுக்கே நிற்கும் சுவர். அதன் உயரம் வரை தண்ணீர் தேங்கும், மீதி வழிந்து போகும். புல்லூர்த் தடுப்பணை முதலில் 5 அடி உயரம். 2016-இல் ஆந்திரா அதை 12 அடியாக உயர்த்தியது.

உயரம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் தேங்கும் தண்ணீரும் இரண்டரை மடங்குதான் என்று எண்ணத் தோன்றும். அது தவறு. ஆற்றுப்படுகை மேல்நோக்கிச் சரிந்து ஏறுகிறது. சுவரை உயர்த்தினால் தண்ணீரின் ஆழமும் கூடும், பின்னால் தேங்கி நிற்கும் நீளமும் அதே விகிதத்தில் கூடும். ஒரே சரிவும் ஒரே அகலமும் உள்ள படுகை என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு உயரத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4. அதன் வர்க்கம் 5.76. தோராயமாகக் கிட்டத்தட்ட 6 மடங்கு. உண்மையான படுகை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. மேலே போகப் போக அகலமும் கூடினால் மடங்கு இன்னும் ஏறும்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருவெள்ளத்தை இந்தச் சுவர் தடுக்காது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது எந்தத் தடுப்பணையும் ஒரு பொருட்டாக இல்லை. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் புல்லூர் சில மணி நேரத்தில் நிரம்பி வழியும்.

பாதிப்பு வேறு இடத்தில். பாலாறு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அல்ல. நல்ல மழை பெய்தால் சில நாட்கள் ஓடும், பிறகு நிற்கும். இந்தச் சிறு ஓட்டங்கள்தான் மணலுக்குள் இறங்கி, படுகைக்கு அடியில் நகர்ந்து, கரையோரக் கிணறுகளையும் ஊற்றுக்கால்வாய்களையும் வாழ வைத்தன. ஊற்றுக்கால்வாய் என்றால் மணலைத் தோண்டி, அடியில் ஊறும் நீரைச் சரிவில் வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். வட ஆர்க்காட்டுப் பாசனத்தின் உயிர் ஏரிக்கு அடுத்து இதில்தான் இருந்தது. 12 அடிச் சுவர் விழுங்குவது அந்தச் சிறு ஓட்டங்களைத்தான். அதுவும் ஒரு சுவர் இல்லை. குப்பம் பகுதியில் பாலாற்றில் இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள் இருக்கின்றன. முதல் சுவர் நிரம்பி இரண்டாவதற்கு, இரண்டாவது நிரம்பி மூன்றாவதற்கு என்று வந்து, கடைசியில் நிற்பது புல்லூர். இங்கே வழிந்தால் மேலே எல்லாம் நிரம்பிவிட்டன என்று பொருள். செய்தியில் "புல்லூர் நிரம்பியது" என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இருப்பது இதனால்தான்.

பாலாறு காய்ந்ததற்குப் புல்லூர் மட்டும் காரணமா?

இல்லை. அப்படிச் சொல்வது ஊரை ஏமாற்றும் பேச்சு.

கர்நாடகத்தில் கோலார்ப் பகுதியின் ஏரிச்சங்கிலியும் பேத்தமங்கலா நீர்த்தேக்கமும் பழங்காலம் தொட்டே தண்ணீரைப் பிடிக்கின்றன. நம் பக்கத்தில் நாமே செய்ததும் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கிணறுகளைக் கெடுத்தது. அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அப்புறம் மணல். மணல் போன படுகையில் தண்ணீர் வந்தாலும் தங்காது.

வேலூர், திருப்பத்தூர் ஊர்கள் பல இன்று குடிப்பது மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர். 2019 கோடையில் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் போனதும் அந்தத் தண்ணீர்தான். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு காவிரியை நம்பும் நிலைக்கு ஒரு மாவட்டம் வந்திருக்கிறது. இதற்கு மேலே இருக்கும் சுவர்களும் காரணம், கீழே இருக்கும் நாமும் காரணம்.

வழக்கு எந்த நிலையில்?

குப்பம் கணேசபுரத்தில் சுமார் 0.6 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்ட ஆந்திரா முனைந்தபோது, 2006-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. தடுப்பணைகளை உயர்த்தியதை எதிர்த்து 2016-இல் இன்னொரு வழக்கு. 2024 பிப்ரவரியில் அப்போதைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி குப்பத்தில் புதிய நீர்த்தேக்கத் திட்டத்தை மறுபடி கையில் எடுத்தார். அப்போது தமிழக நீர்வளத்துறை அமைச்சராக இருந்த துரைமுருகன் அதைக் கண்டித்தார்.

இரண்டு வழக்குகளும் மூல வழக்குகள். அரசியல் சட்டத்தின் 131-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் மேல் நேராக உச்ச நீதிமன்றத்தில் தொடுப்பது. ஆனால் 262-ஆவது பிரிவும், 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. தண்ணீர்த் தகராறு என்றால் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும், நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம்.

இதே 1892 ஒப்பந்தத்தைக் காட்டித் தென்பெண்ணைக்காகக் கர்நாடகத்தின் மேல் தமிழ்நாடு தொடுத்த வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசை அணுகலாம் என்றது. பாலாற்று வழக்குக்கும் இந்த வழி திரும்பலாம் என்பதை எதிர்பார்த்துத் தமிழ்நாடு தயாராக இருக்க வேண்டும்.

எந்த மன்றமாக இருந்தாலும் கேட்கப்போவது மூன்று:

1. புல்லூர் வழியாக முன்பு எத்தனை நாட்கள், எவ்வளவு தண்ணீர் வந்தது?
2. 2016-க்குப் பிறகு அது எவ்வளவு குறைந்தது?
3. அந்தக் குறைவில் மழையின் பங்கு எவ்வளவு, சுவரின் பங்கு எவ்வளவு?

மூன்றாவது கேள்விதான் கடினம். மேல்மடையில் பெய்த மழையின் கணக்கு ஆந்திராவிடமும் கர்நாடகத்திடமும் இருக்கும்; கீழ்மடை ஓட்டத்தின் கணக்கு நம்மிடம் இருக்கும். இரண்டையும் ஒரே நாள், ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்க எல்லையிலேயே ஓர் அளவு நிலையம் வேண்டும். அதில் இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து அளவெடுத்துக் கையெழுத்திட வேண்டும். காவிரியில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பதைத்தான் இரு தரப்பும் ஆதாரமாக எடுத்துக்கொள்கின்றன. பாலாற்றுக்கு அந்த இடம் புல்லூர்தான். தமிழ்நாடு தன் வழக்கில் அணையை உயர்த்தியதை எதிர்ப்பதோடு, இந்த நிலையத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.